நமக்கு மட்டும் ஏன் இலவசம்?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

நான் சிங்கப்பூர் போய்வந்த போட்டோக்களைப் போட்டதும் ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள். "டீச்சர், அந்தக் கப்பல் வைத்த ஹோட்டல் எப்படி இருக்கு?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள. சில பேர் இந்த வருஷம் டீலர் டூரில் அங்கே போகப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். போட்டோவில் வராத ஒரு விஷயம் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் அழகுதான். பேன்சி ரகப் பட்டாசு பார்த்தே வளர்ந்த கண் நமக்கு. வெளிச்சத்தைக் காட்டி நம்மை அசத்துவது கஷ்டம். அந்தக் கண்ணுக்கும் அது அழகு. மரீனா பே சாண்ட்ஸ் என்பது 55 மாடிக் கோபுரங்கள் மூன்று. மூன்றுக்கும் மேலே கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு நீச்சல் குளம். வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. 2010இல் திறந்தார்கள். பின்பக்கம் கார்டன்ஸ் பை தி பே. அங்கே மரம் மாதிரி நிற்கும் இரும்புக் கோபுரங்களில் தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் பாட்டோடு விளக்கு ஆடுகிறது. அதற்குக் காசு கிடையாது. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் எது தெரியுமா? சூதாட்டம். அரசாங்கக் காகிதத்தில் அப்படி எழுதமாட்டார்கள். 'இன்டகிரேட்டட் ரிசார்ட்' என்று பெயர். 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இந்த முடிவை அறிவித்தார். அதுவரை சிங்கப்பூரில் கேசினோவே கிடையாது. ஊரே இரண்டுபட்டு வாதம் பண்ணியிருக்கிறது. பிறகு 2010இல் செந்தோசா தீவில் ஒன்றும் மரீனா பேயில் ஒன்றுமாக இரண்டு கேசினோ வந்தன. மரீனா பே கட்டடத்தின் மொத்தப் பரப்பில் கேசினோ இருக்கும் இடம் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் வருகிறது. நாம் வாயைப் பிளந்து பார்க்கும் கோபுரம், கப்பல், விளக்கு எல்லாவற்றுக்கும் கரண்ட் பில் கட்டுவது அங்கே தோற்றவன்தான்.

இப்போது வாசலுக்கு வாருங்கள்.

அந்தக் கேசினோ வாசலில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 3,000 வெள்ளி. ஆரம்பத்தில் இது 100 வெள்ளியும் 2,000 வெள்ளியுமாக இருந்தது. 2019இல் கூட்டினார்கள். விளையாடித் தோற்பதெல்லாம் வேறு கணக்கு. இது உள்ளே கால் வைக்க மட்டும்.

வெளிநாட்டவருக்கு? 21 வயது ஆகியிருந்தால் போதும். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு காசு கிடையாது.

என்னைக் கூட்டிப்போன அண்ணன் மகன் அங்கே நிரந்தரவாசி. வாசலில் நின்று, "அத்தை, உங்களுக்கு ஃப்ரீ. எனக்குத்தான் நூத்தம்பது வெள்ளி. நீங்க வேணும்னா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றான். அந்த ஊரிலேயே வேலை பார்த்து வரி கட்டுகிறவனுக்குக் காசு, சிவகாசியிலிருந்து போன கிழவிக்கு இலவசம். கடைக்காரன் சொந்தப் பிள்ளையைத் தொடாதே என்று கையைத் தட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் 'எடுத்துக்கோங்க' என்று நீட்டினால் அந்தப் பண்டத்தைப் பற்றி நமக்கு என்ன தோன்றும்?

சிங்கப்பூர் மட்டும் இல்லை. மொனாக்கோ என்று ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு. அதன் மான்டி கார்லோ கேசினோ உலகப் பிரசித்தம். மொனாக்கோ குடிமக்கள் அங்கே ஆடக் கூடாது. நேபாளத்தில் கேசினோ உண்டு, நேபாளிகளுக்கு அனுமதி இல்லை. தென் கொரியாவில் பல கேசினோ இருந்தாலும் கொரியர்கள் ஆடலாம் என்று விட்டிருப்பது ஒரே ஒன்றில். மக்காவ் நாலாபக்கமும் கேசினோ நிறைந்த ஊர். அங்கே அரசு ஊழியர்கள் சீனப் புத்தாண்டின் மூன்று நாள் தவிர வேறு நாளில் உள்ளே போக முடியாது. அமெரிக்காவின் லாஸ் வேகாசில் இப்படித் தடுப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இத்தனை அரசாங்கங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. வருமானம் வேண்டும், ஆனால் தோற்பது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது.

அப்படியென்றால் யார் தோற்க வேண்டும் என்று அந்தக் கட்டடம் எதிர்பார்க்கிறது? நாம்தான். இலவசம் என்பதற்கு அர்த்தம் அதுதான்.

உள்ளே கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தேன். நான் எதிலும் காசு வைக்கவில்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கோட்டு சூட்டும் சிரிப்புமாக யாரும் இல்லை. பெரும்பாலும் மௌனம். மெஷின் முன்னால் உட்கார்ந்து பித்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். என் வயசுப் பெண்களும் நிறைய. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்களின் கை எப்படித் தன்னால் ஓடுமோ அப்படி ஓடுகிறது. வித்தியாசம், இங்கே சாயந்திரம் கூலி கிடையாது.

திரும்பி வரும்போது வாசலில் இரண்டு தம்பிகள். நம் பக்கத்துப் பேச்சு. ராமநாதபுரமோ சாத்தூரோ, கேட்கவில்லை. சட்டையை இன் பண்ணி, தலை சீவி, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்கள். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். நல்ல சம்பளம் வாங்கும் சிங்கப்பூர்க்காரரைத் தடுக்க 150 வெள்ளியில் ஒரு சுவர். அவரைவிடப் பல மடங்கு குறைவாகச் சம்பாதித்து, அதிலும் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைக்குச் சுவரே இல்லை.

சிங்கப்பூரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்திருக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும். தேசியப் பிரச்சினைக்குரிய சூதாட்ட மன்றம் என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன்னைத்தானே கேசினோவிலிருந்து தடை செய்துகொள்ளலாம். குடும்பத்தில் கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தவரோ, 'இவரை உள்ளே விடாதீர்கள்' என்று விண்ணப்பித்து உத்தரவு வாங்கலாம். கடன்பட்டுத் திவாலானவரும் அரசு உதவிப்பணத்தில் வாழ்கிறவரும் சட்டப்படியே உள்ளே போக முடியாது. வேலை அனுமதியில் இருப்பவரும் தன்னைத் தடை செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம்.

இதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையை எப்படிக் கட்டுகிறோம்? மற்ற அறைகளிலிருந்து தள்ளி. உள்ளே இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி. அந்த விதியை மீறிய இடத்தில்தான் நாம் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்திருக்கிறோம். சிங்கப்பூர் தன் கேசினோவை மருந்து அறையாக நினைத்துத் தள்ளிக் கட்டி, வாசலில் காவல் போட்டிருக்கிறது. ஆபத்து இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஆபத்து என்று தெரிந்ததால்தான் காவல்.

நம் நிலைமை என்ன? மருந்து அறையைப் படுக்கையறைக்குள் வைத்திருக்கிறோம். போனைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் பழைய டீச்சர் ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ரூலெட் என்ற சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு சுழியம். ஆக 37 கட்டம். நம் வகுப்பில் 37 பேர் ஆளுக்கு ஒரு எண்ணில் ஒரு ரூபாய் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் 37 ரூபாய். குண்டு எங்கே விழுந்தாலும் ஒருவர் ஜெயிப்பார். அவருக்கு அவர் வைத்த ஒரு ரூபாயும், மேலே 35 ரூபாயும் தருவார்கள். 36 ஆச்சு. மீதி ஒரு ரூபாய்? அது கடைக்காரனுக்கு. ஏமாற்று வேலை எதுவும் இல்லாமல், சட்டப்படி, ஒவ்வொரு சுற்றிலும் 37இல் ஒரு பங்கு அவன் பெட்டியில் விழுகிறது. நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு. சக்கரத்தில் இரண்டு சுழியம் வைத்துவிட்டால் கட்டம் 38, கொடுப்பது அதே 36. நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் போகும்.

"ரெண்டே முக்கால் ரூபாய்தானே டீச்சர்" என்பீர்கள். கையில் ஆயிரம் ரூபாய். சுற்றுக்கு நூறு வைத்து, வந்ததையும் திரும்ப வைத்து நூறு சுற்று ஆடுகிறீர்கள். மேசை மேல் ஓடிய பணம் பத்தாயிரம். அதில் 37இல் ஒரு பங்கு 270 ரூபாய். கொண்டுபோன ஆயிரத்தில் கால்வாசிக்கு மேல் சராசரியாகக் காணாமல் போகிறது. அன்றைக்கு ஒருவர் ஜெயிக்கலாம், இன்னொருவர் மொத்தத்தையும் விடலாம். ஆடிக்கொண்டே இருந்தால் எல்லாரும் போய்ச் சேருகிற திசை ஒன்றுதான். அதனால்தான் கேசினோக்காரனுக்கு நம்மை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நம்மை உட்கார வைத்தால் போதும். குளிர்ச்சியான ஏசி, மெத்தை நாற்காலி எல்லாம் அதற்குத்தான்.

கணக்குத் தெரிந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர்களில் அவனைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மனக்கணக்கில் புலி. நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்வான். வளர்ந்து ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டினான். போனில் ரம்மி ஆட ஆரம்பித்து, சனிக்கிழமைச் சம்பளம் போய், தீபாவளி அட்வான்ஸ் போய், மனைவியின் நகை அடகுக்குப் போய், கடைசியில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றாள். நான் போய்ப் பேசினேன். தலையை ஆட்டினான். மறுநாளும் ஆடினான். ஒரு ராத்திரியில் எவ்வளவு போகும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகக் கணக்குத் தெரியும். கை நிற்கவில்லை. அவன் மனைவி சிங்கப்பூரில் இருந்திருந்தால் கேசினோவை அவனுக்கு அடைக்க ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம். இங்கே அவள் எந்த ஆபீசில் போய் மனுக் கொடுப்பாள்? அவன் போனையே பிடுங்கினாள். அவன் வேறு போன் வாங்கினான்.

தருமர் தோற்றது கணக்குத் தெரியாமலா? தருமம் தெரியாமலா? திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் விடிய விடியப் பார்த்திருக்கிறோமே. அந்தச் சபையில் பெரியவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே எழுந்து கதவைச் சாத்த ஒருவருக்கும் கை வரவில்லை. திருவள்ளுவரும் சூதுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 94ஆவது. அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. வரிசையைக் கவனியுங்கள். புத்திமதியோடு நிற்கிற விஷயமாக எனக்கு அது தெரியவில்லை.

இதை நான் சொன்னால் நம் ஊரில் உடனே இரண்டு பதில் வரும்.

ஒன்று: "பட்டாசுத் தொழிலே சூதாட்டம்தானே டீச்சர்? மழை பெய்தால் போச்சு, கோர்ட்டில் ஒரு உத்தரவு வந்தால் போச்சு." உண்மைதான். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுதான் என்று சொன்னபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் உலை கொதிக்காமல் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் தொழிலில் துணிவது வேறு, சூது வேறு. தொழிலில் சரக்கு உண்டாகிறது. சரக்கு நன்றாக இருந்தால் அடுத்த வருஷமும் ஆர்டர் வரும். விற்றவனும் சந்தோஷப்படலாம், வாங்கியவன் வீட்டுப் பிள்ளையும் சந்தோஷப்படலாம். 37 கட்டச் சக்கரத்தில் நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் 36தான். இருபது வருஷம் ஆடிய அனுபவஸ்தனுக்கும் அதே 36தான்.

இரண்டாவது: "நம்ம தமிழ்நாட்டிலும் கடற்கரைப் பக்கம் இப்படி ஒன்று கட்டினால் வேலைவாய்ப்பு வருமே?" படித்த பிள்ளைகளே இதைக் கேட்கிறார்கள். நாம் இதைப் பார்த்துவிட்டோம் கண்ணுகளா. 1968இல் அரசாங்கமே லாட்டரிச் சீட்டு ஆரம்பித்தது. நாட்டுக்கு வருமானம், வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். நம் சிவகாசி அச்சகங்களிலேயே லாட்டரிச் சீட்டு அச்சானது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சீட்டுக்கடையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. கட்டுக்கூலி வாங்கிய கையோடு கடையில் நின்ற ஆண்களையும், அடுப்பை மூட்டிவிட்டு அரிசிக்காகக் காத்திருந்த பெண்களையும் என் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. அச்சுத் தொழிலுக்கு அது அடிதான், மறைக்க வேண்டாம். ஆனாலும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அடித்துச் சிவகாசி நிற்கிறது. லாட்டரி போனதால் அழிந்துபோன ஊர் என்று ஒன்றை எனக்குக் காட்டுங்கள். மூன்று நம்பர் லாட்டரி என்று இன்றைக்கும் திருட்டுத்தனமாக விற்றுப் பிடிபடுகிறார்கள், உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கண்ணில் படும்படி தெருத்தெருவாகக் கடை இல்லை. ஒரு கதவு சாத்தப்பட்டதன் பலன் அது.

போன் சூதாட்டத்துக்கும் சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது. நல்லது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் லிங்க் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு வாட்ஸப் செய்தியில் நுழைந்துவிடும். அரசாங்கம் போட்டது வெளிக்கதவு. உள்கதவை வீட்டில்தான் போட வேண்டும்.

அதற்கு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சரியாகப் பட்டால் செய்யுங்கள்.

டூர் போகிறவர்கள்: சிங்கப்பூரோ, கோவாவோ, மலேசியாவின் கெந்திங் மலையோ, போய்ப் பாருங்கள். குழுவாகப் போகும்போது "சும்மா ஒரு தடவை, டீலர் எல்லாரும் போறோம்" என்று ஒருவர் கிளப்புவார். கூட்டத்தில் மறுப்பதுதான் கஷ்டம். வீட்டிலிருந்து கிளம்புமுன்பே 'நான் அந்த நேரத்தில் விளக்கு ஆட்டம் பார்க்கப் போகிறேன்' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கூட வர ஒரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள்: நீங்கள் ஆடுவதே இல்லை என்றாலும் கேசினோவிலிருந்து உங்களைத் தடை செய்துகொள்ள விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சொந்த ஊர்க்காரருக்கு அந்த நாடு கட்டிய சுவரை நீங்களே உங்களுக்குக் கட்டிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

வீட்டுப் பெண்கள்: சம்பளத்தில் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. வங்கிக் குறுஞ்செய்தி இரண்டு பேர் போனுக்கும் வரும்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். சின்னத் தொகை அடிக்கடி போனால் அப்போதே பேசுங்கள். நகை அடகுக்குப் போன பிறகு பேசினால் தாமதம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: இது நோய் மாதிரி. திட்டினால் போகாது. 14416 என்ற எண் அரசாங்கத்தின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசலாம். எனக்கு மெசேஜ் போட்டாலும் சரி. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், திட்டவும் மாட்டேன். நான் மேலே சொன்ன அந்தப் பையனும் இதைப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வா. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா.

உங்கள் வீட்டில், உங்கள் கம்பெனியில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். டீலர் டூர் ஏற்பாடு செய்யும் இடத்தில் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். பயணத் திட்டத்தில் அந்த இரவுக்கு வேறு ஒரு இடத்தைப் போட உங்களால் முடியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சிவகாசி